தண்ணீர் எங்கே போயிற்று?

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் மோட்டார் வண்டி ஒன்று இருந்தது. ‘இருந்தது’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். உண்மையில் அது வீட்டில் இருந்த நாட்களைவிடப் பட்டறையில் இருந்த நாட்கள்தாம் அதிகம். இரண்டு கை மாறி, மூன்றாவது கையாக என்னிடம் வந்து சேர்ந்த வண்டி. எந்தக் கம்பெனியில் செய்தது என்று நான் சொல்லப் போவதில்லை. வயசான காலத்தில் யாருக்குத்தான் வியாதி வராது? அதற்காகப் பிறந்த வீட்டைக் குறை சொல்வது நியாயமல்ல.

வண்டிக்கு ஏற்ற டிரைவர் ஒருவரும் அமைந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஏற்காட்டு மலைப் பாதையில் பல வருஷம் பஸ் ஓட்டியவர். வலது முன்கையில் பெரிய தழும்பு ஒன்று உண்டு. அதைப் பற்றி நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பொதுவாகவே அவர் சொல்லுகிற விஷயங்கள் குறைவு. குழந்தைகள் “டிரைவர் மாமா, டிரைவர் மாமா” என்று பத்துக் கேள்வி கேட்டால், ஒன்றுக்குப் பதில் வரும்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் தாமாகவே வந்து, “ஸார், வண்டி தண்ணி குடிக்குது” என்றார்.

“எவ்வளவு?”

“காலையிலே ரொப்பி வைக்கிறேன். சாயங்காலம் அரைச் செம்பு, முக்கால் செம்பு குறையுது.”

நான் கதை எழுதுகிறவன். துப்பறியும் கதைகளும் இரண்டொன்று எழுதியிருக்கிறேன். ஆகையால் தடயம் தேடக் கிளம்பிவிட்டேன். அன்று இரவு வண்டியின் அடியில் பழைய பத்திரிகைகளைப் பரப்பி வைத்தேன். ஒழுகினால் காகிதம் நனைய வேண்டும் அல்லவா? காலையில் போய்ப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் கிடையாது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளும் அப்படியே. பரப்பிய பத்திரிகைகளில் என் கதை வெளியான இதழ் ஒன்றும் இருந்தது. அதுகூட உலர்ந்துதான் கிடந்தது.

ஒழுக்கு இல்லை, ஆனால் தண்ணீர் குறைகிறது. இதற்கு ஒரே ஓர் அர்த்தந்தான் இருக்க முடியும் என்று தீர்மானித்தேன். டிரைவர் தண்ணீர் ஊற்றுவதே இல்லை; சோம்பலை மறைக்க வண்டியின்மேல் பழி போடுகிறார்! வாயால் சொல்லத் தைரியம் இல்லை. ஆகையால் வாய்ப் பேச்சைவிட மோசமான ஒரு காரியம் செய்தேன். நாற்பது பக்க நோட்டுப் புஸ்தகம் ஒன்று வாங்கி வந்து, “தினமும் தண்ணீர் ஊற்றியதும் தேதி போட்டு இதில் ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள்” என்று கொடுத்தேன். அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரிங்க ஸார்” என்றார். மறுநாளிலிருந்து கையெழுத்து விழுந்தது. நாலு மாதம் ஒரு நாள் தவறாமல் விழுந்தது. வண்டியும் நாலு மாதம் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தது.

ஐந்தாவது மாதம், அக்காள் பிள்ளைக்குக் கல்யாணம் என்று அவர் சேலத்துக்குப் போனார். எனக்கு அவசரமாக விழுப்புரம் போக வேண்டியிருந்தது. ரேடியேட்டரில் கழுத்து மட்டும் தண்ணீரை நானே ஊற்றினேன். மூடியை நானே திருகினேன். வண்டியையும் நானே ஓட்டிக்கொண்டு சென்னையை விட்டுப் புறப்பட்டேன். செங்கற்பட்டு தாண்டும் வரையில் சங்கடம் இல்லை. மதுராந்தகத்தை நெருங்கும்போது முன்னாலிருந்து ‘உஸ்’ என்று ஒரு சத்தம் எழுந்தது. அப்புறம் வெள்ளையாக ஆவி கிளம்பி எதிரே சாலையே தெரியாமல் போய்விட்டது.

கரை உடையாமல் ராமபிரானே காவல் நின்றதாக ஐதிகம் சொல்லும் ஏரி அந்த ஊரில் இருக்கிறது. அவ்வளவு பெரிய ஏரி ஒழுகாமல் நிற்கிற ஊரில், என்னுடைய எட்டுப் படி ரேடியேட்டர் வற்றிப் போய் நின்றது! சாலை ஓரத்தில் உட்கார்ந்தபோது எனக்கு ஏற்பட்ட கஷ்டம் வண்டியைப் பற்றியது அல்ல. ஊற்றியவன் நான். ஓட்டியவன் நான். நான் குற்றவாளி என்று தீர்மானித்த மனிதரோ அந்த நேரத்தில் சேலத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருப்பார். அப்படியானால் நாலு மாதத் தண்ணீர் எங்கே போயிற்று?

டீக்கடையில் நின்ற லாரி டிரைவர் ஒருவர் வந்து பார்த்தார். “ஆறட்டும் ஸார், மூடியைத் தொடாதீங்க” என்றார். ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றி, கடையிலிருந்து ஒரு கைப்பிடி மஞ்சள் தூள் வாங்கி வந்து ரேடியேட்டருக்குள் போட்டார். “இது ஊர் போய்ச் சேர்ற வரைக்கும்தான். மருந்து இல்லை, பத்து. போனதும் மேஸ்திரிகிட்டே காட்டிடுங்க” என்றார். விழுப்புரத்தை மறந்து, வழியெல்லாம் நின்று நின்று தண்ணீர் ஊற்றிச் சென்னைக்குத் திரும்பினேன்.

மேஸ்திரியின் பட்டறையில் ஏற்கெனவே ஏழு வண்டிகள் காத்திருந்தன. “நாலு நாள் ஆகும்” என்றார். அந்த நாலு நாளும் நான் புஸ்தகசாலையில் உட்கார்ந்து, மோட்டார் வண்டிக்குத் தண்ணீர் எதற்கு, அது எப்போது வந்தது, ஏன் போகிறது என்று படித்தேன். எழுத்தாளனுக்கு வேறு பிராயச்சித்தம் தெரியாது.

இஞ்சினுக்குள் எரிகிற பெட்ரோலின் உஷ்ணத்தில் வண்டியை ஓட்டுவதற்குப் பயன்படுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இன்னொரு பங்கு புகைக் குழாய் வழியே வெளியே போய்விடுகிறது. மிச்சமுள்ள பங்கு இரும்பில் ஏறுகிறது. அதை உடனுக்குடனே இறக்காவிட்டால், உள்ளே இருக்கும் எண்ணெய் கருகி, பிஸ்டன் ஸிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். இறக்கி வைக்கிற கூலி ஆள்தான் தண்ணீர்.

ஜெர்மனி தேசத்து மன்ஹைம் நகரில் கார்ல் பென்ஸ் தம்முடைய மூன்று சக்கர வண்டிக்கு 1886-ம் வருஷம் ஜனவரி 29-ந் தேதி பேடண்டு கேட்டு விண்ணப்பித்தார். அந்த வண்டியில் ரேடியேட்டரே கிடையாது. ஸிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் இருக்கும், அது கொதிக்கும், கொதித்து ஆவியாகிப் போகும். போகப் போக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

பென்ஸ் கெட்டிக்காரர், ஆனால் வண்டியை விற்கத் தெரியாதவர். விற்றுக் கொடுத்தவர் அவருடைய மனைவி பெர்தா என்று சொன்னால் தவறில்லை. கல்யாணத்துக்கு முன்பே தமக்கு வரவேண்டிய சீதனப் பணத்தைக் கேட்டு வாங்கி அவர் தொழிலில் போட்டவர் அந்த அம்மாள். 1888-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் அதிகாலையில், கணவரிடம் சொல்லாமல், யூஜென், ரிச்சர்டு என்ற இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, 100 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள போர்ஸ்ஹைமில் இருந்த தாய் வீட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்கு முன் அவ்வளவு தூரம் மோட்டாரில் போனவர் உலகத்தில் யாரும் இல்லை.

அந்தப் பிரயாணத்தின் கதையில் எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பது தொப்பி ஊசியைத்தான். பெட்ரோல் குழாய் அடைத்துக்கொண்டபோது அந்த அம்மாள் தொப்பியில் செருகும் ஊசியால் குத்தி எடுத்தார். விஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் லிக்ராயின் என்னும் எரிதிரவம் வாங்கினார். தேய்ந்த பிரேக் கட்டைக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்துக்கொண்டார். மேட்டில் வண்டி மூச்சு வாங்கியபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். இவையெல்லாம் எப்போதோ ஒரு தடவை நேர்ந்த சங்கடங்கள். வழி நெடுகிலும் ஓயாமல் நடந்த வேலை தண்ணீர் ஊற்றுவதுதான். சத்திரமோ, கிணறோ, ஓடையோ, எதைக் கண்டாலும் நிறுத்தித் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றவேண்டும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். தண்ணீர் எங்கே போயிற்று என்று பெர்தா அம்மாளை யாரும் கேட்கவில்லை. எல்லோர் கண்ணுக்கும் முன்னால் அது ஆவியாகப் போயிற்று. பையன்கள் பேரில் சந்தேகப்பட்டு அவர்களிடம் நோட்டுப் புஸ்தகம் நீட்டவேண்டிய அவசியமும் அந்தத் தாயாருக்கு ஏற்படவில்லை.

தண்ணீரைப் போகவிடாமல் திரும்பத் திரும்ப உபயோகிக்கும் வித்தையைப் பூரணமாக்கியவர் இன்னொரு ஜெர்மானியர்: வில்ஹெல்ம் மேபாக். 1900-ம் வருஷக் கடைசியில் தயாரான 35 குதிரைச் சக்தி மெர்ஸிடீஸ் வண்டிக்கு அவர் தேன்கூடு போன்ற ரேடியேட்டர் ஒன்று அமைத்தார். ஆறு மில்லிமீட்டர் சதுரமுள்ள சின்னஞ்சிறு குழல்கள், மொத்தம் 8,070, பக்கத்தில் பக்கமாகப் பற்றவைக்கப்பட்டிருந்தன. குழல்களுக்குள் காற்று போகும். சுற்றிலும் தண்ணீர் ஓடும். இந்தத் தேன்கூட்டினால், முன்பு தேவைப்பட்டதில் பாதியாக, வெறும் ஒன்பது லிட்டர் தண்ணீர் போதும் என்று ஆயிற்று. 1901-ம் வருஷம் நீஸ் நகரத்துப் பந்தயங்களில் அந்த வண்டி மற்ற வண்டிகளைப் பழம் பொருளாக்கிவிட்டது. இன்று சாலையில் ஓடும் தண்ணீர் வண்டிகளின் ரேடியேட்டர்களெல்லாம் அந்தத் தேன்கூட்டின் பேரன் பேத்திகளே.

ஆனால், 8,070 குழல்களைப் பற்றவைத்தால் எத்தனை மூட்டுகள் உண்டாகும் என்று எண்ணிப் பாருங்கள். தண்ணீர் வெளியே போய்க்கொண்டே இருந்த காலத்தில் ‘ஒழுக்கு’ என்பதற்குப் பெரிய மதிப்பு இல்லை. அதை அடைத்து வைத்த அன்றுதான் ஒழுக்குக்கும் மதிப்பு வந்தது. ‘இது குறையக் கூடாது’ என்று ஒன்றைப் பற்றி முடிவு செய்துவிட்டால், குறையும்போது யார்மேலாவது சந்தேகம் வரத்தானே செய்யும்?

1908 முதல் 1927 வரையில் ஒன்றரைக் கோடி வண்டிகளுக்குக் குறையாமல் செய்து தள்ளிய ஹென்றி போர்டின் ‘டி’ மாடலில், ஆரம்பத்தில் வந்த சுமார் 2,500 வண்டிகளைத் தவிர மற்றவற்றுக்குத் தண்ணீர்ப் பம்பே இல்லை. சுட்ட தண்ணீர் மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும் என்ற இயற்கை நியதியை நம்பியே அவை ஓடின. நல்ல சிக்கனந்தான். ஆனால் மேல் குழாய் மட்டத்துக்குக் கீழே தண்ணீர் இறங்கிவிட்டால் ஓட்டம் நின்றுபோகும். ரேடியேட்டர் மூடியின்மேல் வைக்கும் உஷ்ணமானி ஒன்றும் அந்தக் காலத்தில் பிரபலமாக இருந்தது. டிரைவர் ஆசனத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அது அளந்தது தண்ணீரை அல்ல, தண்ணீருக்கு மேலே நிற்கும் ஆவியை.

அப்புறம் அழுத்த மூடி வந்தது. தண்ணீரை இறுக மூடிச் சூடேற்றினால் 100 டிகிரியில் கொதிக்காது. 15 பவுண்டு அழுத்தத்தில் சுமார் 120 டிகிரி வரையில் தாங்கும். இஞ்சினுக்கு இது நல்லது. சந்து தேடுகிற தண்ணீருக்கும் நல்லது! வெறுமனே நிற்கும்போது அசையாத துளி, அழுத்தம் ஏறியதும் ஊசி முனைத் துவாரத்தைக்கூட விடாது. சூடான மூடியை அவசரப்பட்டுத் திறந்தால், அத்தனை நேரம் அடக்கி வைத்த தண்ணீர் ஒரே விநாடியில் பொங்கி முகத்திலும் கையிலும் பாயும். இந்த இடத்தைப் படிக்கும்போதுதான் டிரைவருடைய முன்கைத் தழும்பு என் நினைவுக்கு வந்தது. மலைப் பாதையில் ரேடியேட்டர் கொதித்துக் கொதித்து நின்ற பஸ்களோடு வருஷக்கணக்கில் வாழ்ந்த மனிதருக்கு, நான் தண்ணீர் ஊற்றக் கற்றுக்கொடுக்க நோட்டு வாங்கியிருக்கிறேன்!

குளிர் தேசங்களில் தண்ணீர் உறைந்து இரும்பைப் பிளந்துவிடும். அதற்காக, 1850-களில் வூர்ட்ஸ் என்ற பிரெஞ்சு ரஸாயன சாஸ்திரி கண்டுபிடித்த கிளைகால் என்ற திரவத்தை 1920-களிலிருந்து தண்ணீரில் கலக்கத் தொடங்கினார்கள். ருசி தித்திப்பு, குணம் விஷம். 1940-ல் இங்கிலாந்தின் ஆகாயத்தில் நடந்த யுத்தத்தில் ஸ்பிட்பயர் விமானங்கள் இந்தக் கிளைகாலை நம்பித்தான் பறந்தன. ரேடியேட்டரில் ஒரு குண்டு பாய்ந்தால் போதும். பின்னால் வெள்ளைக் கோடாக ஆவி நீளும். இறங்க இடம் தேடுவதற்குச் சில நிமிஷங்களே மிச்சம் என்று விமானிக்குத் தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆறுதல் அளித்தது, உலகத்தின் முதல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸின் கதை. 1958-ல் வட துருவத்தின் பனிக்கட்டிக்கு அடியில் புகுந்து போகும்படி அதற்கு ரகசிய உத்தரவு. புறப்படும் தறுவாயில், ஆவியைக் குளிரவைக்கும் கண்டென்ஸர் என்ற பாகத்தில் எங்கோ ஓர் ஒழுக்கு. கடல் நீர் உள்ளே கசிகிறது. எங்கே என்று பெரிய பெரிய நிபுணர்களுக்கும் அகப்படவில்லை. கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? மாலுமிகள் சாதாரண உடை உடுத்திக்கொண்டு ஸியாட்டில் நகரத்து மோட்டார்க் கடைகளில் புகுந்து, கார் ரேடியேட்டர் ஒழுக்கை அடைக்கும் மருந்தை, குவார்ட் ஒன்று 1 டாலர் 80 சென்ட் வீதம், 140 குவார்ட் வாங்கி வந்தார்கள். அதை ஊற்றினார்கள்; ஒழுக்கு நின்றது! அந்த வருஷம் ஆகஸ்டு 3-ந் தேதி, 116 பேருடன் நாட்டிலஸ் துருவத்தின் அடியில் கடந்து சென்றது. அமெரிக்கக் கடற்படையின் மூளையும் மதுராந்தகத்து லாரி டிரைவரின் மூளையும் ஒரே வழியில்தான் வேலை செய்திருக்கின்றன. அங்கே டப்பா மருந்து. இங்கே மஞ்சள் தூள்.

நாலாம் நாள் பட்டறைக்குப் போனேன். மேஸ்திரி ஆறிப்போன இஞ்சினின் ரேடியேட்டர் வாயில் ஒரு கைப் பம்பைப் பொருத்திக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். முள் ஏறியது, நின்றது, பிறகு மெள்ள மெள்ள இறங்கியது.

“எங்கேயோ போகுது ஸார். ரப்பர் குழாய் சரி. பம்பு சரி. எண்ணெயிலே தண்ணி கலக்கலை. உள்ளே ஒடையலை.”

“நான் அடியில் காகிதம் போட்டுப் பார்த்தேன், மேஸ்திரி. ஒரு சொட்டுக்கூட விழவில்லையே!”

“எப்போ போட்டீங்க?”

“ராத்திரி.”

மேஸ்திரி சிரித்தார். “தூங்கறவனை எழுப்பாமலே கேள்வி கேட்டிருக்கீங்க. வண்டி ஓடறப்போ சூடு ஏறி, அழுத்தம் ஏறினாத்தானே அது வாயைத் திறக்கும்?”

பிறகு முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றையும் டார்ச்சு விளக்கையும் எடுத்து, புகைக் குழாய்களுக்குப் பின்னால் நீட்டினார். “பாருங்க, மஞ்சப் பூசியிருக்கு!” என்றார்.

எட்டிப் பார்த்தேன். இஞ்சினின் பக்கவாட்டில், ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டத் தகடு. அதன் விளிம்பிலிருந்து கீழே மஞ்சள் கோடு ஒன்று காய்ந்து கிடந்தது. பக்கத்திலேயே பழுக்கக் காயும் புகைக் குழாய். தகட்டின் ஓரத்தில் கசிந்த தண்ணீர் புகைக் குழாயில் பட்டதும் ஆவியாகிவிடும். தரைக்கு வந்து சேரும் துளியே கிடையாது. லாரி டிரைவர் போட்ட மஞ்சள்தான் ஒழுக்கைப் பாதி அடைத்தது; மீதியைக் காட்டியும் கொடுத்தது.

அந்தத் தகட்டுக்குக் கோர் பிளக் என்று பெயர். இஞ்சினை வார்க்கும்போது, தண்ணீர் ஓடுவதற்கான வெற்றிடம் உண்டாவதற்காக உள்ளே மணலால் ஒரு கரு வைப்பார்கள். வார்த்து ஆறிய பிறகு மணலை எடுப்பதற்குத் துவாரங்கள் வேண்டும். எடுத்தான பிறகு அந்தத் துவாரங்களைத் தகடு அடித்து மூடிவிடுவார்கள். தண்ணீர் உறைந்தால் பிதுங்கி வந்து இஞ்சினைக் காப்பாற்றுவதற்காக வைத்தது என்று பலர் நினைப்பது சரியல்ல. அது வார்ப்பட வேலையின் தொப்புள். என் வண்டியில் அந்தத் தகடு உட்புறத்திலிருந்து துருப் பிடித்து வந்திருக்கிறது. புதுத் தகட்டுக்கு அதிக விலை இல்லை. அரை மணி நேரத்தில் மேஸ்திரி அடித்து முடித்தார்.

ஒரு வாரம் கழித்து டிரைவர் சேலத்திலிருந்து திரும்பினார். கல்யாணப் பட்சணமும் வெற்றிலை பாக்கும் கொண்டு வந்தார். நான் அவரை உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே கேட்டுக்கொண்டார். மதுராந்தகத்தைச் சொன்னேன். மேஸ்திரியைச் சொன்னேன். “நோட்டுப் புஸ்தகம் கொடுத்தது என் தப்பு, மன்னிக்கவேண்டும்” என்றும் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

“எந்தப் பக்கம் ஸார் ஒழுக்கு?” என்றார்.

சொன்னேன். உடனே போய் பானெட்டைத் தூக்கி, குனிந்து, வெகு நேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் வெட்கம் தெரிந்தது. “இத்தனை வருஷம் ஓட்டினேன். இந்த இடத்தைப் பாக்காம விட்டுட்டேனே ஸார்” என்றார்.

வெட்கப்பட வேண்டியவன் நானாக இருக்க, அவர் வெட்கப்பட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை.

மறுநாள் காலையில் வண்டியில் ஏறினேன். முன் ஆசனத்தில் அந்த நோட்டு கிடந்தது. கிழித்து எறிந்திருப்பார் என்று நினைத்திருந்தேன். எடுத்துப் பிரித்தேன். அன்றைய தேதி. அதற்கு எதிரே, ‘தண்ணீர் குறையவில்லை’ என்ற இரண்டு வார்த்தைகள். வழக்கமான கையெழுத்து.

பேனாவை எடுத்து, அதன் கீழே நானும் ஒரு கையெழுத்துப் போட்டேன்.